நீறு பூத்த நெருப்பு: வீட்டுத் தந்தூர் அடுப்பைக் கரியால் பற்றவைப்பது எப்படி?

கரி சிவந்துவிட்டது. அடுப்புக்குள் கையை நீட்டவே முடியவில்லை. இனி எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று மாவைத் தட்டி உள்சுவரில் ஒட்டுகிறீர்கள். பத்து விநாடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு மெல்ல நழுவி, கங்குக்குள் விழுந்து கருகிவிடுகிறது. தந்தூர் வாங்கிய புதிதில் பலருக்கும் இது நடக்கும். எனக்கும் நடந்தது. எங்கள் தெருமுனைக் கடையில் தந்தூரி போடும் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரே வரியில் சொன்னார்: "அண்ணே, நெருப்பையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. சுவரைப் பாருங்க."

இந்த அடுப்பின் சூட்சுமம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. நம் வீட்டு கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தைச் சுடுகிறது, பாத்திரம் சோற்றைச் சுடுகிறது. திருகினால் தீ, மூடினால் இல்லை. தந்தூரில் கரிக்கு முதல் வேலை மண் சுவரைச் சூடேற்றுவது. ரொட்டியை வேகவைப்பது அந்தச் சுவர். கரி ஐந்து நிமிடத்தில் சிவந்துவிடலாம். இரண்டு விரற்கடை தடிமனுள்ள மண் சுவர் உள்வரை சூடாவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுமையாகவும் ஆபத்தில்லாமலும் கடப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வடிவத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும் ஒரு பெரிய மண்பானை. அதற்கு அடி மூடப்பட்டிருக்காது, அல்லது கரி தங்குவதற்கு ஒரு கம்பிச் சல்லடை இருக்கும். பானையைச் சுற்றி இரும்பு டிரம். இரண்டுக்கும் நடுவில் மணலோ கண்ணாடிப் பஞ்சோ அடைத்திருப்பார்கள், சூடு வெளியே போகாமலிருக்க. டிரம்மின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வாசல். உள்ளே சூடான காற்று மேலெழுந்து வாய் வழியாக வெளியேறும். அது காலி செய்த இடத்துக்குப் புதுக் காற்று இந்தக் கீழ் வாசல் வழியாக இழுக்கப்படும். ஊதாமல், விசிறாமல் நெருப்பு தானாக வளர்வது இதனால்தான். வாசலை அகலத் திறந்தால் நெருப்பு வேகமெடுக்கும், பாதி மூடினால் அடங்கும். தந்தூருக்கு இருக்கும் ஒரே திருகு அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பானை மட்டும் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சுட்ட மண்ணை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.9 கிலோ ஜூல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 300 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக சுமார் 9,700 கிலோ ஜூல். ஒரு கிலோ நல்ல மரக்கரி எரிந்தால் கிட்டத்தட்ட 30,000 கிலோ ஜூல் கிடைக்கும். ஏட்டுக் கணக்கில் முந்நூற்றைம்பது கிராம் கரி போதும். ஆனால் இரண்டடி உயர வீட்டு அடுப்புக்கு இரண்டு, மூன்று கிலோ போடுகிறோம். மிச்சச் சூடெல்லாம் வாய் வழியே வானத்துக்கும், சுற்றியுள்ள மணலுக்கும் போகிறது. கரியை ஒரேயடியாகக் கொட்டி வேகமாக எரித்தால் வானத்துக்குப் போகும் பங்குதான் கூடும். சுவர் தனக்கு வேண்டியதைத் தன் வேகத்தில்தான் வாங்கிக்கொள்ளும்.

இந்த அடுப்பு மிகப் பழையது. சிந்துவெளி நாகரிகத்தின் காலிபங்கன் அகழாய்வில் தந்தூரைப் போன்ற மண் அடுப்புகள் கிடைத்திருக்கின்றன. அக்காடிய மொழியில் அடுப்புக்குத் 'தினூரு' என்று பெயர். அரபியில் தன்னூர், துருக்கியில் தந்திர், ஆர்மீனியாவில் தோனிர். பஞ்சாபின் கிராமங்களில் தெருவுக்கு ஒரு பொது அடுப்பு இருந்தது. 'சாஞ்சா சுல்ஹா' என்பார்கள். வீட்டில் பிசைந்த மாவை எடுத்துக்கொண்டு பெண்கள் அங்கே கூடி ரொட்டி சுட்டார்கள். ஒருமுறை சூடேற்றிய சுவரில் பத்து வீட்டு ரொட்டி வெந்துவிடும் என்பதால், எரிபொருளை மிச்சம் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. அந்த அடுப்புகள் எல்லாம் திறந்தவெளியிலோ கூரை மட்டும் போட்ட இடத்திலோதான் இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். அடுத்து சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

புகை இல்லாத புகை

விறகு எரிந்தால் கண் எரியும், இருமல் வரும். நாமே எழுந்து வெளியே போய்விடுவோம். கரி அப்படி இல்லை. நன்றாகக் கனன்ற கரியில் புகையே தெரியாது. அதனால் அது சுத்தமான நெருப்பு என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கை உயிரை வாங்கிவிடும். எனவே கரி எரியும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கரி என்பது கிட்டத்தட்ட முழுக்க கார்பன். அதற்குப் போதிய காற்று கிடைத்தால் கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகும். அந்த வாயு மேலே போகிற வழியில் இன்னும் சிவந்திருக்கும் கரியைத் தொட்டால், மறுபடியும் கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்ஸைடாக மாறும். கரி ஆழமாகக் குவிந்திருக்கும்போதும், சாம்பல் அடைத்துக் காற்று குறையும்போதும் இது மிக அதிகம். இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும்; ஆனால் உடம்புக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராது. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். பிறகு குழப்பம், மயக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த முன்னறிவிப்பும் கிடைக்காது.

வட இந்தியக் குளிர்காலத்தில் அங்கீட்டி எனும் கரிக் கணப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தி ஆண்டுதோறும் வருகிறது. கொடைக்கானல் போன்ற நம் மலை ஊர்களிலும், சமைத்து முடித்த கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் எடுத்து வைத்ததால் உயிர்ப் பலிகள் நடந்திருக்கின்றன. சமைத்து முடித்ததும் நெருப்பு அடங்கிவிட்டது என்று நினைத்ததுதான் காரணம். நம் மொழியில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. மேலே வெண்சாம்பல், உள்ளே கனல். உள்ளுக்குள் புகையும் பகைக்கும் கோபத்துக்கும் அதை உவமையாகச் சொல்லிச் சொல்லி, அது முதலில் ஒரு அடுப்படி உண்மை என்பதையே மறந்துவிட்டோம். தந்தூரில் சமைக்க மிக உகந்த நிலையும் நீறு பூத்த நிலைதான், மிக ஆபத்தான நிலையும் அதுதான்.

ஆகவே தந்தூர் வீட்டுக்குள் வேண்டாம். சமையலறை, கார் நிறுத்தும் இடம், கண்ணாடி போட்டு மூடிய பால்கனி, மூன்று பக்கம் சுவருள்ள தகரக் கொட்டகை எதுவும் சரிப்படாது. ஜன்னல் திறந்திருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது என்பதெல்லாம் போதாது. மொட்டை மாடி, கொல்லைப்புறம், முற்றம், தோட்டம் ஆகியவைதான் அதற்கான இடங்கள்.

மொட்டை மாடியில் வைப்பதாக இருந்தால் சுற்றிலும் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். கொடியில் காயும் துணி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கேபிள் வயர், ஏசியின் வெளிப்பெட்டி, காய்ந்த தென்னை மட்டை என்று நம் மாடிகளில் எரியக்கூடியது நிறைய. எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள். கீற்றுப் பந்தலின் கீழே வேண்டவே வேண்டாம். பறக்கும் ஒரு பொறி போதும். கேஸ் சிலிண்டர் அருகில் இருக்கக் கூடாது. தரையில் நேராக வைக்காமல் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தால் தளம் வெடிக்காது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்த மாதம் மாலை வேளையில் மாடியில் நெருப்பு மூட்டுவதை நான் தவிர்த்துவிடுகிறேன். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடானால், அடுப்பைச் சுற்றி ஐந்தடி தூரத்தில் கோலமாவால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். "கோட்டுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. "கிட்ட போகாதே" என்பது அவர்களுக்குப் புரிவதில்லை; எது கிட்ட என்று தெரியாது.

ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், நீளமான இடுக்கி, முழங்கை வரை வரும் தோல் கையுறை ஆகியவற்றை நெருப்பு மூட்டும் முன்பே பக்கத்தில் வைத்துவிட வேண்டும். பருத்தி உடை உடுத்துங்கள். நைலான், பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சேலை முந்தானையை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஈரத் துணியால் சூடான கம்பியைப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த ஈரம் ஒரு நொடியில் ஆவியாகிக் கையைப் பொசுக்கிவிடும். காய்ந்த துணிதான் நல்லது.

எந்தக் கரி?

தமிழ்நாட்டில் தந்தூரி கடைகளுக்குப் போகும் கரியில் பெரும்பகுதி சீமைக்கருவேல மரத்தின் கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டுச் சுடுகிறார்கள். கெட்டியானது, நின்று எரியும், வீட்டுக்கும் அதுவே போதும். வாங்கும்போது ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மீது தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த கரி கிணுகிணு என்று ஓட்டுச் சில்லு போல ஒலிக்கும். உடைத்தால் வெடுக்கென்று உடையும், உள்ளே கருமை பளபளக்கும். மந்தமாக ஒலித்து, உள்ளே பழுப்பாகத் தெரிந்தால் அது வேகாத கரி. புகைந்து கண்ணைக் கரிக்கும். ஈரக்கரி வெடித்துப் பொறி பறக்கவிடும். மழைக்காலத்தில் வாங்கியிருந்தால் இரண்டு நாள் வெயிலில் காயப் போட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

கொட்டாங்குச்சிக் கரியும் நல்ல சூடு தரும். துண்டுகள் சிறியவை என்பதால் காற்று வாசலை அடைத்துக்கொள்ளும், மரக்கரியோடு கலந்து போடலாம். நிலக்கரி வேண்டாம், அதிலுள்ள கந்தகம் உணவில் ஏறும். தீக்குச்சி காட்டியதும் பற்றும் என்று ரசாயனம் ஏற்றி விற்கும் கரிக்கட்டிகளும் வேண்டாம். அந்த வாடை மண் சுவருக்குள் இறங்கினால் பல நாள் போகாது.

புது அடுப்பைப் பழக்குவது

என் முதல் தந்தூர் ஒரே நாளில் விரிசல் விட்டது. ஐப்பசி மழை முடிந்த வாரம் வாங்கினேன். விற்றவர், "அப்படியே கரியப் போட்டுக் கொளுத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். நம்பி, இரண்டு கிலோ கரியை ஒரேயடியாகப் போட்டுப் பற்றவைத்தேன். அரை மணி நேரத்தில் உள்ளிருந்து 'பட், பட்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால் சுவரிலிருந்து வடைத் தோல் போல மண் சில்லுகள் உரிந்து விழுந்துகொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் வாயிலிருந்து வயிறு வரை ஒரு விரிசல், ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு. அந்தப் பானையைக் கடைசி வரை சரி செய்ய முடியவில்லை.

காரணம் எளிது. மண் சுவரின் நுண்துளைகளில் ஈரம் இருக்கும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். மெதுவாகச் சூடேறினால் அந்த ஆவி துளைகள் வழியே கசிந்து வெளியேறிவிடும். வேகமாகச் சூடேறினால் வழி கிடைக்காமல் சுவரைப் பிளந்துகொண்டு வரும். இன்னொன்றும் உண்டு. உள்பக்கம் சூடேறி விரியும்போது வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். ஒரே பானையின் இரண்டு பக்கமும் இரண்டு அளவாக விரிந்தால் எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எனவே முதல் நாள் ஐந்தாறு கரித்துண்டு மட்டும். மூடி போடாமல் ஒரு மணி நேரம் எரிந்து அடங்கட்டும். முழுக்க ஆறட்டும். மறுநாள் பத்துப் பதினைந்து துண்டு. அதற்கடுத்த நாள் அரைக் கிலோ. நான்காம், ஐந்தாம் நாள்தான் முழு நெருப்பு. இரண்டாம் அடுப்பை இப்படித்தான் பழக்கினேன், இன்று வரை உழைக்கிறது. வடக்கே இதற்கு முன்பு கீரையை அரைத்துக் கடுகு எண்ணெய், வெல்லம், உப்பு சேர்த்து உள்சுவரில் பூசிக் காயவிடும் வழக்கம் உண்டு. சுவர் வழவழப்பாகி, ரொட்டியில் மண் ஒட்டாமல் வரும். நானும் பூசினேன், பலன் தெரிந்தது. ஆனால் பூச்சா, மெதுநெருப்பா, ஒன்றுதான் முடியும் என்றால் மெதுநெருப்பைத் தேர்ந்தெடுங்கள். நகம் நுழையாத மயிரிழை விரிசல்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வரும். மண்ணின் இயல்பு அது, பயப்பட வேண்டியதில்லை.

கடைகளில் தந்தூர் முழுமையாக ஆறுவதே இல்லை. ராத்திரி மூடிய அடுப்பில் காலையிலும் சூடு இருக்கும். அதனால் மாஸ்டர் கரியைக் கொட்டி வேகமாக ஏற்றலாம். நம் வீட்டு அடுப்போ வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோதான் எரிகிறது. நடுவில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடுகிறது. கடையில் பார்த்த வேகத்தை வீட்டில் செய்யக் கூடாது. மழைக்காலத்துக்குப் பிறகு எடுக்கும்போது புது அடுப்பு போலவே நினைத்து, ஒரு நாளாவது சிறுநெருப்பு காட்டிவிடுங்கள்.

பற்றவைத்தல்

முதலில் பழைய சாம்பலை அள்ளி, கீழ் வாசல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சாம்பல் அடைத்த அடுப்பு பற்றாது. பற்றினாலும் நச்சு வாயுவைத்தான் அதிகம் கக்கும்.

அடுத்து, எதை வைத்துப் பற்றவைப்பது? மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், தின்னர், சானிடைசர் எதுவும் கூடவே கூடாது. சாதாரண அடுப்பிலேயே இவை ஆபத்து; தந்தூரில் பல மடங்கு. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. பாழடைந்த கிணற்றுக்குள் விஷவாயு தேங்கி நிற்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தந்தூரும் ஒரு குட்டிக் கிணறுதான். ஊற்றிய பெட்ரோலின் ஆவி அதன் வயிற்றில் தேங்கி நிற்கும்; தீக்குச்சியைப் போட்டதும் மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றி, குறுகிய வாய் வழியாக, எட்டிப் பார்ப்பவர் முகத்தை நோக்கிச் சீறும். அதைவிட மோசமானது, நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி கொஞ்சம் ஊற்றுவது. உள்ளே ஒரு கங்கு நீறு பூத்துக் கிடந்தால் தீ ஊற்றிய வழியிலேயே ஏறிக் கையிலிருக்கும் பாட்டிலுக்கு வந்துவிடும்.

நம் வீடுகளில் இருப்பதே போதும்: இரண்டு கற்பூரம், நன்றாகக் காய்ந்த நாலைந்து கொட்டாங்குச்சி, கொஞ்சம் சுள்ளி. நான் கரியை அடுப்புக்குள் பற்றவைப்பதில்லை. பக்கத்தில் ஒரு பழைய இரும்புச் சட்டியை மூன்று செங்கல் மேல் வைத்து, கற்பூரம், கொட்டாங்குச்சி, அதன்மேல் இருபது கரித்துண்டு என்று அடுக்கி அங்கேயே கனியவிடுவேன். சிம்னி ஸ்டார்ட்டர் என்று விற்கும், அடியில் ஓட்டைகள் உள்ள இரும்பு உருளை இருந்தால் இன்னும் சுலபம். பதினைந்து, இருபது நிமிடத்தில் எல்லாத் துண்டும் பற்றிவிடும். துத்தநாகம் பூசிய தகர வாளியை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகை விடும்.

கரித்துண்டுகளின் ஓரத்தில் சாம்பல் நிறம் படர ஆரம்பித்ததும், இடுக்கியால் ஒவ்வொன்றாகவோ நீளக் கரண்டியாலோ தந்தூரின் அடியில் இறக்குங்கள். மேலிருந்து கொட்டினால் பொறி எழும்பி முகத்துக்கு வரும். கீழ் வாசல் முழுக்கத் திறந்திருக்கட்டும், மேல் மூடி வேண்டாம். இருபது நிமிடம் இந்தச் சின்ன நெருப்பே போதும். சுவர் விழித்துக்கொள்வதற்கான நேரம் அது. பிறகு பாதிக் கரி, இன்னொரு இருபது நிமிடம் கழித்து மீதிக் கரி. கரி எவ்வளவு இருந்தாலும் உள் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

எப்போது பார்த்தாலும் பக்கவாட்டில் நின்று சாய்வாகப் பாருங்கள். வாய்க்கு நேர்மேலே குனியக் கூடாது. தலைமுடியும் புருவமும் பொசுங்குவது ஒருபுறம், அந்த வாய் வழியாக வருவதுதான் மேலே சொன்ன நச்சு வாயு.

இனி சுவரைப் பார்ப்போம். சுள்ளியும் கொட்டாங்குச்சியும் எரிந்த புகை, முந்தைய சமையலின் கொழுப்பு எல்லாம் சேர்ந்து முதலில் சுவரில் கருப்பாகப் படியும். அரை மணி, முக்கால் மணி வரை சுவர் கருத்துக்கொண்டே போகிறதே என்று தோன்றும். பிறகு, கரிக்கு நெருக்கமான அடிப்பகுதியில் ஓரிடத்தில் மட்டும் கருமை விலகி மண்ணின் வெளிர் நிறம் தெரியும். சுவர் போதிய சூட்டை எட்டியதால், அதில் படிந்திருந்த புகைக்கரியே எரிந்து போகிறது. அந்த வெளிர்ப்பு, ஈரச் சுவர் காய்வது போல, விரல் விரலாக மேலே ஏறும். மாலை வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், அவ்வளவு அழகு. வயிற்றுப் பகுதி முழுக்க வெளுத்துவிட்டால் சூடு ஏறிவிட்டது என்று பொருள். என் அடுப்பில் நாலரை மணிக்குப் பற்றவைத்தால் ஆறு மணிக்கு இந்த நிலை வரும்.

அப்போதும் உடனே ரொட்டி போடக் கூடாது. அந்த நேரத்தில் சுவர் தேவைக்கு மேல் சூடாக இருக்கும். ரொட்டியின் அடி கருகி, மேல் வேகாமல் நிற்கும். கரி முழுக்க நீறு பூக்கட்டும். கீழ் வாசலைப் பாதி மூடிப் பதினைந்து, இருபது நிமிடம் விட்டால் சூடு சுவர் முழுவதும் பரவிச் சமப்படும். ரொட்டிக்குச் சுவர் ஏறக்குறைய 250 முதல் 350 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். தூரத்திலிருந்து சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி கடைகளில் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். கொரோனா காலத்தில் நெற்றிக்கு வாங்கியது இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டை மட்டுமே அளக்கும். கருவி இல்லாவிட்டால், விரல் நுனியில் உப்புத்தண்ணீர் தொட்டுச் சுவரில் நாலு துளி தெறியுங்கள். சுர்ரென்று உடனே மறைந்து வெள்ளைப் புள்ளியாக உப்பு மட்டும் நின்றால் சரி. தண்ணீர் கோடாக வழிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். நாலு துளிதான், கைநிறைய அள்ளி வீசினால் சூடான சுவர் பிளந்துவிடும்.

சரியான சூட்டில் ரொட்டி ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் உப்பிப் புள்ளி விழுந்து வந்துவிடும். கையால் ஒட்டுவதைப் புதியவர்கள் முயல வேண்டாம். துணியை உருட்டித் தைத்த திண்டின்மேல் மாவை விரித்து, திண்டோடு சுவரில் அழுத்தி எடுங்கள்.

சமைக்கும்போது

கறியிலிருந்தும் நெய்யிலிருந்தும் சொட்டும் கொழுப்பு கங்கில் விழுந்தால் குப்பென்று தீ எழும். பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவியும் சாம்பலும் சேர்ந்து மேலே அடிக்கும், சுவரும் போய்விடும். கறி கோத்த கம்பியை எடுத்துவிட்டுக் கீழ் வாசலைச் சாத்தினால் தீ தானாக அடங்கும். மசாலாவில் ஊறவைத்த கறியைப் பாத்திரத்திலிருந்து எடுத்ததும் இரண்டு நிமிடம் வடியவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மூடி போட்டு வைத்திருந்த அடுப்பைத் திறக்கும்போது அவசரம் கூடாது. உள்ளே காற்றில்லாமல் எரியாத வாயு நிறைந்திருக்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால் புதுக் காற்று பட்டு அது பற்றிக்கொள்ளும். முதலில் கீழ் வாசலைத் திறந்து சில விநாடி கழித்து, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள்.

கையில் சூடு பட்டுவிட்டால் மோதிரம், வளையலை உடனே கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, ஐஸ் எதுவும் வைக்க வேண்டாம். பெரிய காயமானால் 108. யாருக்காவது தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால், பசி என்றோ வெயில் என்றோ நினைக்காமல் முதலில் அடுப்பிலிருந்து தள்ளித் திறந்த காற்றுக்கு அழைத்துப் போங்கள். தெளியாவிட்டால் அதற்கும் 108தான்.

அணைப்பதும் சாம்பலும்

சாப்பிட்டு முடித்ததும் கீழ் வாசலையும் மேல் மூடியையும் இறுக மூடிவிடுங்கள். காற்றில்லாமல் கரி மெல்ல அடங்கும். எரியாமல் மிஞ்சியதை அடுத்த முறை பயன்படுத்தலாம். தண்ணீர் ஊற்றி அணைத்தால் கரியும் வீண், பானையும் வீண். அடங்கும் வரை அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும். மழை வந்தாலும் உள்ளே இழுத்து வர வேண்டாம். மேலே ஒரு தகரத் தகட்டைக் கவிழ்த்தால் போதும்.

மறுநாள் காலை அடுப்பைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், சாம்பல் வெள்ளை வெளேரென்று கிடக்கும். ஒரு கம்பியால் கிளறிப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் அடியில் ஒரு துண்டு சிவப்பாகக் கண் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாம்பலை இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, வாளியிலேயே தண்ணீர் ஊற்றிக் கிளறி, 'சுர்' சத்தம் முழுக்க நின்ற பிறகு இன்னொரு நாள் விட்டு வையுங்கள். அதன்பின் வாழைக்கும் தென்னைக்கும் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம்; சாம்பல் சத்து அவற்றுக்குப் பிடிக்கும்.